ஒன்பதாவது வாரம், பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை

பரமக்குடி மகள்:

வணக்கம் அக்காமாரே. நான் பரமக்குடிப் பெண். மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். முதல் பிள்ளை. ஸ்கேன் கணக்குப்படி இது ஒன்பதாவது வாரம்.

மசக்கை என்றால் வாந்தி வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், நானும் மனதைத் தயார் செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் எனக்கு வருவது அந்த வாந்தி இல்லை. காலை, மதியம், ராத்திரி என்று எந்தக் கணக்கும் இல்லை. சாப்பிட்டாலும் வருகிறது, சாப்பிடாவிட்டாலும் வருகிறது. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது மஞ்சளாகப் பித்தம் வந்து தொண்டையை எரிக்கிறது. இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளியே. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. விழுங்கினால் குமட்டுவதால் துப்புவதற்கு ஒரு டம்ளரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். வாசலில் நின்றால் கருவாடு காயப்போடும் இடம் தெரியும். பழைய வலையை மணலில் விரித்து நெத்திலியும் காரலும் கொட்டி வைப்பார்கள். வெயில் ஏறியதும் ஒரு அக்கா விளக்குமாற்றால் தள்ளித் தள்ளி அதைப் புரட்டிவிடுவார். அடியில் ஈரமாக இருந்தது மேலே வரும் அந்த நேரம்தான் எனக்கு உயிர் போகிறது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் வீட்டின் எந்த மூலைக்குள்ளும் ஒளிய முடியாது. கொடியில் காயும் சேலையில், தலையணை உறையில், மூடி வைத்த குடத்தில்கூட அந்த வாடை. கல்யாணமாகி வந்த புதிதில் நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கருவாடுதான். இப்போது பெயரை எழுதும்போதே வாய் கரிக்கிறது.

சோறு கொதிக்கும் வாசனை ஆகவில்லை. முண்டு மிளகாய் வறுக்கும் நெடி ஆகவில்லை. குளியல் சோப்பு ஆகவில்லை. என் வீட்டுக்காரர் போட்டில் போய்விட்டு வந்தால் சட்டையில் டீசலும் ஐஸ் பெட்டி வாடையும் சேர்ந்து வரும், அவர் வாசலில் நிற்கும்போதே எனக்குக் குடலைப் புரட்டுகிறது. அவர் பாவம், திண்ணையிலேயே படுத்துக்கொள்கிறார்.

மாமியார் என் மேல் உண்மையிலேயே பிரியமானவர். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர் அவர். "எங்களுக்கும்தான் வந்துச்சு, யாரு ஆஸ்பத்திரிக்குப் போனா? மூணு மாசம் போனா தன்னால நின்னுரும்" என்கிறார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மசக்கைதானே, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க" என்று போலிக் ஆசிட் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தண்ணீரே தங்காதவள் எதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது?

கர்ப்பத்துக்கு முன்னால் நான் 52 கிலோ. இப்போது மருந்துக்கடை மெஷின் 48 காட்டுகிறது. எழுந்து நின்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. சிறுநீர் காலையில் ஒரு தடவை போனால் அப்புறம் இருட்டிய பிறகுதான், அதுவும் அடர் மஞ்சளாக.

இப்படி இருந்தவர்கள் எதைச் சாப்பிட்டீர்கள்? இதற்கு மாத்திரை உண்டா, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா? நான் இப்படிப் பட்டினி கிடந்தால் உள்ளே இருப்பதற்கு என்ன போய்ச் சேரும்? எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் "இதுக்கெல்லாமா வந்தே" என்று கேட்கமாட்டார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நேற்று ராத்திரி வாந்தி எடுத்து முடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, இந்தப் பிள்ளையே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆசைப்பட்டுக் காத்திருந்த பிள்ளை. அது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

கீழக்கரை ராத்தா:

தங்கச்சி, கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். எனக்கும் தோன்றியது. என் இரண்டாவது பிள்ளைக்கு உன்னைப் போலத்தான் கிடந்தேன், அப்போது எத்தனையோ ராத்திரி தோன்றியது. அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான், என் மடியை விட்டு இறங்கமாட்டான். அது உன் மனசு சொன்ன சொல் இல்லை, தண்ணீர் இல்லாமல் வாடிப்போன உடம்பு சொன்னது. ஆனால் அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அழுகை நிற்கவில்லை என்றால், டாக்டரிடம் அதையும் வாய்விட்டுச் சொல். வாந்தியைச் சொல்கிற மாதிரியே சொல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது சாப்பாடு. எல்லோரும் வந்து "இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடு" என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது, எந்தச் சூட்டில் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். ஆவி பறக்கிற சாப்பாட்டில் வாசனை மூக்கில் ஏறும், ஆறிப்போனதில் அவ்வளவு ஏறாது. எங்கள் உம்மா தயிர்ச் சோற்றை நன்றாகக் குழைத்து, உப்பு தூக்கலாகப் போட்டு, பிரிட்ஜில் வைத்துவிடும். அந்தச் சில்லிப்போடு இரண்டு ஸ்பூன் உள்ளே போனது. நோன்புக் கஞ்சி வைக்கிற பக்குவத்தில், கறியும் மசாலாவும் பூண்டும் ஒன்றும் சேர்க்காமல், அரிசியும் பாசிப்பருப்பும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்துத் தரும். அதுவும் தங்கியது.

எனக்கு நடுராத்திரி தாண்டினால் குமட்டல் கொஞ்சம் அடங்கும். ஊரெல்லாம் தூங்கும், எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது, காற்றில் ஒரு வாசனையும் இருக்காது. அப்போதுதான் நான் சாப்பிட்டேன். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு என்ற கணக்கை இந்த மாதங்களுக்கு மறந்துவிடு. எந்த நேரத்தில் உனக்கு அடங்குகிறது என்று கவனித்துப் பார், அதுதான் உன் சாப்பாட்டு நேரம். தலைமாட்டில் பொரி, பொட்டுக்கடலை, ரஸ்க் ஏதாவது வைத்துக்கொள். எழுந்திருக்கும் முன்னாலேயே ஒரு வாய் மென்றுவிட்டு, கொஞ்சம் பொறுத்து எழு. வயிறு ஒரேயடியாகக் காலியாகிவிட்டால் குமட்டல் இன்னும் கூடும்.

தண்ணீருக்கு ஒரு வழி. ஓஆர்எஸ் கரைசலை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, ஒவ்வொரு துண்டாக வாயில் அடக்கிக்கொள். டம்ளரில் குடித்தால் வந்துவிடும், ஐஸ் கட்டி கரைந்து கரைந்து இறங்குவதை வயிறு கண்டுகொள்ளாது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது விடு.

இதெல்லாம் கொஞ்சம் தேறிய பிறகு செய்ய வேண்டியது, தங்கச்சி. நீ எழுதியிருக்கிறதைப் பார்த்தால் முதலில் உனக்கு டிரிப்ஸ் வேண்டும். எனக்கும் டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் அந்தத் தயிர்ச் சோறு தங்கியது. நாளைக்குப் போ. தள்ளிப்போடாதே.

சாயல்குடி அக்கா:

அம்மாடி, இங்கிலீஷ் மாத்திரை மட்டும் போட்டுவிடாதே. முதல் மூன்று மாதத்தில் மாத்திரை போட்டால் பிள்ளை ஊனமாகிவிடும் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லுவார்கள், அந்தக் காலத்தில் அப்படி நடந்தும் இருக்கிறது. இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்து, தெளிய வைத்து, கருப்பட்டி கரைத்துக் குடி. இப்போது எங்கள் பக்கம் பதநீர் இறக்குகிறார்கள், அதையும் வாங்கிக் குடித்துப் பார். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மோந்து பார். நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் தடவிக்கொள். சரியாகிவிடும். கவலைப்படாதே.

தொண்டிச் செவிலியர்:

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடலோர ஊர்களில்தான் பெரும்பாலும் வேலை. இதை முழுக்கப் படி அம்மா, உன் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டு.

52 கிலோவிலிருந்து 48. கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் அதைச் சாதாரண மசக்கைக் கணக்கில் வைக்கமாட்டோம். உனக்கு அந்த 5 பங்கு என்பது 2.6 கிலோ. நீ 4 கிலோ இழந்திருக்கிறாய். இதற்கு மருத்துவத்தில் ஹைபர்எமெசிஸ் கிராவிடாரம் என்று தனிப் பெயரே இருக்கிறது. உன் மாமியாருக்கு வந்தது வேறு, உனக்கு வந்திருப்பது வேறு. அவர் பொறுத்துக்கொண்டார், நீ பொறுக்கவில்லை என்று இதில் எதுவும் இல்லை.

ஏன் சிலருக்கு மட்டும் இப்படி? கரு உண்டானதும் நஞ்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்றொரு ஹார்மோன் தாயின் ரத்தத்தில் ஏறுகிறது. அது மூளையில் குமட்டலைக் கிளப்பும் இடத்தைப் போய்த் தொடும். கர்ப்பத்துக்கு முன்னால் யாருக்கு இந்த ஹார்மோன் ரத்தத்தில் குறைவாக இருந்ததோ, அவர்கள் உடம்புக்கு அது பழக்கமில்லாததால் வாந்தி கடுமையாக வருகிறது. 2023 கடைசியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இது வெளிவந்தது. ஆக, இது செல்லமும் இல்லை, பயமும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு 9 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், 12லிருந்து 16 வாரத்துக்குள் குறையத் தொடங்கும். கடுமையாக வந்தவர்களில் சிலருக்கு 20 வாரம் வரையும், வெகு சிலருக்குப் பிரசவம் வரையும்கூட நீளும். தானாக நிற்கட்டும் என்று அதுவரை தண்ணீர் இல்லாமல் கிடக்க முடியாது.

சாயல்குடி அக்கா சொன்ன பயம் பொய்யில்லை. தாலிடோமைடு என்ற மருந்து 1957ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கு வாந்திக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பிறந்தார்கள். 1961ல் அங்கே அதை நிறுத்தினார்கள். அந்தக் கொடுமைதான் இன்றைக்கும் ஊர் ஊராகப் பயமாக நிற்கிறது. ஆனால் இப்போது இந்த வாந்திக்கு முதலில் கொடுப்பது அதுவல்ல. டாக்சிலமின் என்ற மருந்தும் பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, இரண்டும் கலந்த மாத்திரை. இதன் மேலும் ஒரு காலத்தில் வழக்குகள் போட்டு, 1983ல் அமெரிக்காவில் கம்பெனியே விற்பனையை நிறுத்தியது. அப்புறம் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளின் விவரங்களைப் பார்த்துப் பிள்ளைக்குக் கேடில்லை என்று தெரிந்து, 2013ல் அங்கே அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. கர்ப்பகால மருந்துகளில் இவ்வளவு துருவிப் பார்க்கப்பட்டவை குறைவு. பெரும்பாலும் ராத்திரி படுக்கும்போது போடச் சொல்வார்கள், மெதுவாகக் கரைந்து விடிகாலையில் வேலை செய்யும். அதனால் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். தூக்கம் வரும். எத்தனை மாத்திரை என்பதை டாக்டர் சொல்வார், நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே.

அதற்கும் அடங்காவிட்டால் ஆன்டன்செட்ரான், மெட்டோகுளோபிரமைடு போன்றவை இருக்கின்றன. முதல் மூன்று மாதத்தில் ஆன்டன்செட்ரான் எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு பத்தாயிரத்துக்கு 3 பேர் அளவில் கூடுதலாக வந்ததாக 2018ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. மிகச் சிறிய கூடுதல்தான். ஆனாலும் அதனால்தான் எடுத்த எடுப்பில் அதைத் தராமல், தேவையைப் பார்த்துத் தருகிறார்கள். மலச்சிக்கலும் உண்டாக்கும், அதையும் கேட்டுக்கொள்.

இஞ்சி லேசான குமட்டலுக்குக் கேட்கும், அதில் தப்பில்லை. ஆனால் பித்தம் பித்தமாக எடுப்பவளுக்கு இஞ்சிச் சாறு தொண்டையை இன்னும் எரிக்கத்தான் செய்யும். பதநீர், இளநீர் எல்லாம் தங்கினால் நல்லது. உனக்கு இப்போது எதுவும் தங்கவில்லையே.

எந்த நிலையில் போகலாம் என்று கேட்டாய். ஒரு பகல் ஒரு ராத்திரி சாப்பாடோ தண்ணீரோ எதுவுமே தங்கவில்லை என்றால் போக வேண்டும். எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் போக வேண்டும். மயக்கம், நெஞ்சு படபடப்பு, வாந்தியில் ரத்தம், வயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், இதில் ஒன்று இருந்தாலும் போதும். பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ அந்த நிமிடமே 108ஐக் கூப்பிட வேண்டும். நீ எழுதியிருப்பதிலேயே இரண்டு மூன்று இருக்கிறது. இன்றைக்கே போ. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறுப் பிரிவு ராத்திரியும் இருக்கும். "இதுக்கெல்லாமா வந்தே" என்று யாராவது கேட்டால் 52, 48 என்ற இரண்டு எண்ணையும் சொல்.

அங்கே ஒரு விஷயம் கட்டாயம் கேட்க வேண்டும். நம் ஊரில் டிரிப்ஸ் என்றாலே குளுக்கோஸ் பாட்டில் என்றுதான் நினைப்போம், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்போம். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவளுக்கு உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் முழுதாகச் சரியாகாமலே போகலாம். முதலில் சலைன் என்ற உப்புநீர், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதையும் சேர்த்து, தயமின் ஊசி, அதற்குப் பிறகு தேவைப்பட்டால் குளுக்கோஸ் என்பதுதான் சரியான முறை. "நிறைய நாளா வாந்தி, தயமின் போடுவீங்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சிறுநீரில் கீட்டோன் பார்ப்பார்கள், சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது அது. இல்லை என்று வந்தாலும், "அப்ப ஒண்ணுமில்லை" என்று யாராவது அனுப்பினால் எடையையும் தலைசுற்றலையும் மறுபடி சொல். கீட்டோன் ஒன்றை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. ஸ்கேனில் இரட்டைப் பிள்ளையா, கருவுக்குப் பதிலாக நீர்க்கட்டிகள் வளர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், இந்த இரண்டிலும் வாந்தி அதிகமாக இருக்கும். தைராய்டு கொஞ்சம் ஏறுமாறாகக் காட்டினால் பயப்படாதே, இந்த வாந்தியோடு அது வரும், பெரும்பாலும் தானாக இறங்கும்.

பிள்ளைக்கு என்ன போகும் என்று கேட்டாய். ஒன்பது வாரத்தில் அது ஒரு அங்குலம்கூட இருக்காது, அதற்கு வேண்டியது மிகக் கொஞ்சம். உன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்காமல் எடை இறங்கிக்கொண்டே போனால்தான் பிள்ளை எடை குறைவாகப் பிறக்க வாய்ப்பு. இப்போதே பார்த்துவிட்டால் அந்தக் கவலை வேண்டாம்.

ஒவ்வொரு வாந்திக்குப் பிறகும் உடனே பல் தேய்க்காதே. வயிற்றுப் புளிப்பில் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும், அப்போது தேய்த்தால் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளி, அரை மணி நேரம் கழித்துத் தேய். அப்புறம் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ விலைக்கு வாங்கும் கேன் தண்ணீரிலோ. நம் கரையோரத்துக் கிணறும் போரும் உப்பு. அந்தத் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப்போகும், வாந்தியும் கூடும். கலக்கியதை மறுநாளைக்கு வைக்காதே.

பாம்பன்காரன்:

சகோதரி, நான் ஆண், இங்கே எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் இதைப் படிக்கட்டும். நானும் போட்டுக்காரன். என் மனைவிக்கும் இப்படி இருந்தது.

அண்ணே, திண்ணையில் படுத்தால் மட்டும் போதாது. கடலிலிருந்து வந்ததும் படகுத்துறைக்குப் பக்கத்திலேயோ வீட்டுக்கு வெளியேயோ குளித்து, அந்தச் சட்டை கைலியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் மாற்றிக்கொள்ளுங்கள். வாசனைச் சோப்பு வேண்டாம், அந்த வாசனையும் அவர்களுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் அடுப்பைப் பின்னால் கொட்டகைக்கு மாற்றினோம். மீன் குழம்பு என் அக்கா வீட்டில் வைத்து, நாங்கள் அங்கேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அம்மாவுக்கு முதலில் மனக்கஷ்டம்தான். "நம்ம வீட்டுல மீன் வாசம் இல்லாமலா" என்றார்கள். ரெண்டு நாள் மருமகள் முகத்தைப் பார்த்தபிறகு அவர்களே அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்கள்.

இன்னொன்று, இது ரொம்ப உதவியது. தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்தேன். எத்தனை மணிக்கு என்ன குடித்தாள், எவ்வளவு, தங்கியதா, எத்தனை தடவை வாந்தி, எப்போது சிறுநீர் போனாள். முதலில் ஒரு இடத்தில் காட்டியபோது எங்களையும் சும்மா அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் நான் வாயால் எதுவும் சொல்லவில்லை, அந்தத் தாள்களை மேசையில் வைத்தேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே பெட் போடச் சொன்னார்கள். அவளுக்கு அன்றைக்குப் பேசவே தெம்பு இல்லை. நாம் கூடப் போய் நாம்தான் பேச வேண்டும் அண்ணே. ஒரு நாள் போட்டுக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, ஆள் மாற்றி அனுப்பலாம்.

முடிந்தால் அவர்களைக் கொஞ்ச நாள் பரமக்குடிக்குக் கொண்டுபோய் விடுங்கள். கருவாடு காயாத காற்று கிடைக்கும்.

சாயல்குடி அக்கா:

நர்சம்மா சொன்னதைப் படித்தேன். நான் சொன்ன மாத்திரைப் பேச்சை விட்டுவிடு அம்மாடி. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. தேறி வந்தபிறகு சொல், நல்ல பதநீராகப் பார்த்து யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

பரமக்குடி மகள்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

செவிலியர் அம்மா எழுதியதை என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார். 52, 48 என்ற இடம் வந்ததும் மாமியார் எழுந்து போய் என் துணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். ராமநாதபுரத்துக்குப் போனோம், மாமியாரும் கூடவே வந்தார். சிறுநீர், ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். ஒரே பிள்ளைதான், இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. பொட்டாசியம் குறைந்திருந்தது. தயமின் பற்றி என் வீட்டுக்காரர் கேட்டதும் அங்கிருந்த டாக்டரம்மா, "அதைப் போட்டுட்டுத்தான் குளுக்கோஸ்" என்று சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கும்போது எனக்கு உதடு ஈரமானது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசி என்ற ஒன்று தெரிந்தது. மாமியார் எங்கிருந்தோ ஒரு பொட்டலம் பொரி வாங்கி வந்து, ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார்.

வாந்தி நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது கணக்கு மாறியிருக்கிறது, உள்ளே போவதில் பாதிக்கு மேல் தங்குகிறது. ராத்திரி மாத்திரை போடுகிறேன், காலையில் எழுவதற்குத் தலை கனமாக இருக்கிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்தா சொன்ன ஐஸ் கட்டிதான் பகல் முழுக்க. எனக்கு அடங்குகிற நேரம் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு. அப்போது குளிர்ந்த தயிர்ச் சோறும் உப்பு நெல்லிக்காயும். அந்த எண்ணம் பற்றியும் டாக்டரிடம் சொன்னேன் ராத்தா. பொறுமையாகக் கேட்டார்கள், அடுத்த முறை வரும்போதும் கேட்பேன் என்றார்கள்.

இரண்டு சந்தேகம் பாக்கி. இங்கே பக்கத்து வீட்டு அத்தை, இரும்புச்சத்து மாத்திரை இப்போதே போட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் குறைந்துவிடும் என்கிறார். ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அன்றைக்கு முழுக்கக் குமட்டல். இன்னொன்று, நான் பரமக்குடியில் இருந்தால் அரசு உதவித்தொகைப் பதிவு என்ன ஆகும்?

தொண்டிச் செவிலியர்:

நல்ல சேதி சொன்னாய் அம்மா.

இரும்புச்சத்து மாத்திரை இப்போது வேண்டாம். முதல் மூன்று மாதம் போலிக் ஆசிட் மட்டும்தான், அது குமட்டலைக் கூட்டாது. இரும்பு நான்காவது மாதத்திலிருந்து. அந்த நேரத்திலும் வாந்தி இருந்தால், ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடு. டீ காபியோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வகை மாத்திரையோ ஊசியோ இருக்கிறது, நீயாக நிறுத்திவிடாமல் சொல்லிக் கேள்.

பதிவுக்கு உன் ஊர் செவிலியரிடம் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் எண், வாங்கிவிட்டாயா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு 12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் வரும். நீ நேரில் போய் நிற்க முடியாத நிலையில் இருக்கிறாய், அதனால் உன் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் ஸ்கேன் தாளையும் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பி, செவிலியரிடம் போனில் பேசிவிடு. அம்மா வீட்டில் இருக்கும்போது பரமக்குடியில் பரிசோதனைக்கு அந்த எண்ணைக் காட்டினால் போதும்.

வாந்தி குறைந்தது என்று ராத்திரி மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே. நிறுத்திய மறுநாளே வாந்தி திரும்பி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லி, ஒன்றொன்றாகக் குறைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை ஒரே மெஷினில் எடை பார்த்துக் குறித்து வை. 48க்குக் கீழே இறங்கினாலோ, மறுபடி தண்ணீர் தங்காமல் போனாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடு. ஒரே கர்ப்பத்தில் இரண்டு மூன்று தடவை டிரிப்ஸ் போட வேண்டி வருவது இந்த நோயில் சகஜம்.